கடல் கடக்கும் குளிர்

(ஈப்போவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கெட்டுப்போகும் உணவுப் பொருள்களைக் குளிரில் வைத்துக் கப்பலேற்றி அயல்நாடுகளுக்கு அனுப்பும் வர்த்தகத்தைப் பற்றி ஈப்போவில் பேச வேண்டிய அவசியம் என்னவென்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இந்த ஊருக்குக் கடல் இல்லை. இவ்வூரை உலகம் அறிந்தது ஈயத்தாலும் ரப்பராலும். அவ்விரண்டுமோ மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தாலும் அழுகிப் போகாத சரக்குகள். ஆயினும் ஈயச் சுரங்கங்கள் குளங்களாகி, ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பு மனைகளாகவும் பழத் தோப்புகளாகவும் உருமாறிவிட்ட இக்காலத்தில், பேராக் மண்ணிலிருந்து வெளிநாடு செல்லும் பழமும் இறாலும், வெளிநாட்டிலிருந்து நம் அடுப்புக்கு வந்து சேரும் ஆட்டிறைச்சியும் வெண்ணெயும் குளிரின் தயவில்தான் பிரயாணம் செய்கின்றன. மேலும், இந்த மண்ணுக்கு ரப்பர் மரம் வந்து சேர்ந்த வரலாறே கெட்டுப்போகும் சரக்கொன்று உரிய காலத்தில் கடல் கடந்த வரலாறுதான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ரப்பர் விதை எண்ணெய்ப் பசை மிகுந்தது. மரத்திலிருந்து விழுந்த சில வாரங்களுக்குள் முளைக்கும் சக்தியை இழந்துவிடுவது. அமேசான் காட்டிலிருந்து இங்கிலாந்துக்கு இவ்விதைகளைக் கொண்டுபோக நடந்த முந்தைய முயற்சியில் கைக்கு எட்டியவை ஒரு டஜன் செடிகள் மாத்திரமே. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் ஏறத்தாழ 70,000 விதைகளை ‘அமேசானாஸ்’ என்னும் நீராவிக் கப்பலில் ஏற்றி, வழியில் வீண் தாமதம் நேராதபடி விரைந்து கொண்டுசென்று, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தாரிடம் ஒப்படைத்தார். அவ்வளவு விரைந்தும் நூற்றுக்கு நான்குக்கும் குறைவானவையே முளைத்தன. முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி, காற்றும் உப்புநீரும் புகாத கண்ணாடிப் பேழைகளில் நட்டு வைக்கப்பட்டு இலங்கைக்குச் சென்றது. மறு ஆண்டு, அதாவது 1877இல், இருபத்திரண்டு செடிகள் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றுள் ஒன்பது நமது கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியதற்குக் காரணமான மரம், இத்தனை நாளுக்குள் சேராவிட்டால் குப்பைக்குப் போகவேண்டிய சரக்காகத்தான் உலகத்தைச் சுற்றி வந்தது.

அதே 1876ஆம் ஆண்டில், விதைகள் கியூ தோட்டத்தில் முளைவிட்ட சில மாதங்களுக்குள், பிரான்சு தேசத்து ரூவான் துறையிலிருந்து ‘பிரிகோரிபிக்’ என்னும் வேறொரு கப்பல் புறப்பட்டது. சார்ல்ஸ் தெல்லியே என்ற யந்திர நிபுணர் தாம் அமைத்த குளிர்யந்திரத்தை அதில் பொருத்தி, அறைகளில் மாமிசத்தைத் தொங்கவிட்டிருந்தார்; கப்பல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து டிசம்பரில் அர்ஜென்டீனாவின் பியூனஸ் அயர்ஸ் நகரை அடைந்தது. மாமிசம் உண்ணத் தக்கதாய் இருந்ததென்றே பலரும் ஒப்பினாலும் அதன் ருசியைப் பற்றி அபிப்பிராய பேதம் இருந்தது. சில காலத்துக்குப் பின், பெர்தினான் காரே என்பவரின் அம்மோனியா யந்திரத்தைத் தாங்கிய ‘பாராகுவே’ என்னும் கப்பல் மாமிசத்தைக் கல்லாக உறையவைத்தே அர்ஜென்டீனாவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுவந்தபோது, அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. குளிர்ந்திருப்பது வேறு, உறைந்திருப்பது வேறு என்ற பேதம் அன்று நிலைபெற்றது. இன்றைக்கும் இந்த வர்த்தகத்தின் பாதி விஷயம் அதுதான்.

ஆனால் உலகத்தின் உணவுப் பழக்கத்தை மாற்றிய பிரயாணம் என்று நான் கருதுவது ‘டனீடின்’ என்ற பாய்மரக் கப்பலின் பிரயாணத்தையே. நியூசிலாந்தில் அக்காலத்தில் மனிதரைவிட ஆடுகள் பன்மடங்கு அதிகம். கம்பளி விற்றது, மாமிசத்துக்கு விலை இல்லை. கொழுப்பை உருக்கி எடுத்துக்கொண்டு மிஞ்சியதை எறிந்தார்கள். நில நிறுவனமொன்றைச் சேர்ந்த வில்லியம் டேவிட்சனும் தாமஸ் பிரைடனும் இந்த விரயத்தைக் காணப் பொறாமல், பாய்மரக் கப்பலொன்றில் நிலக்கரி எரித்து ஓடும் குளிர்காற்று யந்திரத்தைப் பொருத்தினார்கள். முதல் தடவை ஆடுகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே யந்திரத்தின் அச்சு முறிந்தது; ஏற்றியவற்றையெல்லாம் இறக்கி உள்ளூரிலேயே விற்க நேர்ந்தது. அச்சைச் சரிசெய்து, மறுபடி ஏறத்தாழ 5,000 ஆட்டுடல்களை ஏற்றி, 1882 பிப்ரவரி 15ஆம் தேதி சால்மர்ஸ் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பினார்கள். யந்திரத்தின் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறிகள் பாய்களில் பட்டுவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். பூமத்திய ரேகைப் பிரதேசத்தில் காற்றே வீசாமல் கப்பல் நின்றபோது, கீழறையில் குளிர் ஒருசீராகப் பரவவில்லை என்று தெரிந்த கவலை மறுபுறம். கப்பல் தலைவர் விட்சன் தாமே குளிர்காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்து சென்று காற்று பரவத் துளைகள் வெட்டினார் என்றும், உள்ளே விறைத்துப்போன அவரைக் காலில் கயிறு கட்டி இழுத்து வெளியேற்றினார்கள் என்றும் வரலாறு சொல்கிறது. தொண்ணூற்றெட்டு நாள் கழித்து மே 24ஆம் தேதி லண்டனில் சரக்கை இறக்கிப் பார்த்தபோது, ஒரே ஓர் ஆட்டுடல் மாத்திரமே கழிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கப்பல் ஒரு பிரயாணத்தில் தடயமின்றி மறைந்துபோயிற்று. அது தொடங்கிவைத்த வியாபாரமோ நியூசிலாந்து என்ற தேசத்தின் ஜீவனோபாயமாகவே ஆயிற்று.

குளிரை வாங்கி விற்கும் வழக்கம் நம் தமிழ் மக்களுக்கு அதற்கும் முன்பே அறிமுகம். யந்திரம் தோன்றுவதற்கு முன், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பிரெடரிக் டியூடர் என்பவர் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 180 டன் புறப்பட்டு, ஏறத்தாழ 100 டன் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அந்தப் பனிக்கட்டிக்காகக் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் இருக்கிறது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் அதற்கு வேறொரு கீர்த்தியும் உண்டாயிற்று. நம் பக்கத்தில், 1903இல் ஏற்பட்ட சிங்கப்பூர் கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனி ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த மாமிசத்தையும் வெண்ணெயையும் பழங்களையும் வரவழைத்து, முக்கியமாக ஐரோப்பியக் குடும்பங்களின் மேஜைக்கு வழங்கியது.

ரப்பர்த் தோட்டத்தில் துரை பங்களாவுக்குத்தான் ஐஸ்பெட்டி. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்தது கருவாடும் நெத்திலியும் உப்பில் ஊறிய மீனும்; பண்டிகை நாளில் பத்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டைப் பிடித்துக் கூறு போட்டுக்கொள்வார்கள்; மிஞ்ச விடுவதில்லை, மிஞ்சினால் உப்புக்கண்டம். உப்பும் வெயிலும் செய்த வேலையை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. பங்கோர்த் தீவின் நெத்திலிக் கருவாடு இன்றைக்கும் எந்த யந்திரத்தையும் கேளாமல் எங்கும் போகிறது. எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் புந்தோங்கில் வறுத்தும் பொரித்தும் பெயர் வாங்கிக் கொடுத்த கச்சாங் பூத்தே என்னும் கடலை வகைகளும் அப்படியே. தம்பூன் பம்ப்ளிமாஸ் பழத்துக்கு இயற்கையே விரற்கடைத் தடிப்பில் ஒரு சட்டை போட்டு அனுப்பியிருக்கிறது. கட்டித் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் கெடாது. எல்லாவற்றையும் குளிரில் வைத்துத்தான் ஆகவேண்டும் என்று நினைப்பது நவீனகாலத்து மூடநம்பிக்கைகளில் ஒன்று.

இங்கே வந்திருக்கும் முதியவர்களில் பலர் பால்மரம் வெட்டியவர்கள். கெடும் பொருளின் அவசரத்தைப் பற்றி அவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, இருட்டிலேயே நிரைக்குப் போய், வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோகும் அந்தப் பரபரப்பு எதற்காக? காலையில்தான் பால் நன்றாக ஓடும் என்பது ஒன்று; எடுத்த பால் சில மணி நேரத்துக்குள் தானே திரைந்துவிடும் என்பது மற்றொன்று. தாமதித்தவருக்குக் கிடைப்பது பாலின் விலை அன்று, ஒட்டுப்பாலின் விலை. திரளாமல் திரவமாகவே வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டிய பாலில் அம்மோனியா கலப்பார்கள். செறிவூட்டிய ரப்பர்ப் பாலில் நூற்றுக்கு 0.7 பங்கு அளவில் இன்றும் கலக்கிறார்கள். ஸ்டோர் வாசலில் கண்ணை எரித்த அந்த நெடிதான், காரேயின் யந்திரத்தில் மாமிசத்தை உறையவைத்ததும், கோல செப்பெத்தாங், கோல குராவ் போன்ற மீனவர் ஊர்களுக்குப் பார் பாராக ஐஸ் செய்து தரும் ஆலைகளில் இன்றும் சுழல்வதும். ஒரே வாயு, ஓரிடத்தில் பாலைத் திரையவிடாமல் காத்தது, மற்றோரிடத்தில் மீனை அழுகவிடாமல் காத்தது. வேலை நடந்த முறை வேறு. ஆனால் கெடும் பொருளுக்கு எதிராகக் கடிகாரத்தைப் பார்த்து ஓடும் ஒழுக்கம் ஒன்றே. அந்த ஒழுக்கத்தில் நம்மவர் மூன்று தலைமுறை பழகியிருக்கிறார்கள். இதைப் பின்னால் மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

குளிர் செய்வது என்ன? அது கெட்டதை நல்லதாக்குவதில்லை; நல்லதை மேலும் நல்லதாக்குவதுமில்லை. கிருமிகளும், பொருளுக்குள்ளேயே இருக்கும் நொதிகளும் செய்யும் வேலையைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. உறையவைக்கும்போது வேகம் முக்கியம். மெதுவாக உறைந்தால், பொருளிலுள்ள நீர் பெரிய பெரிய பளிங்குகளாகத் திரண்டு உயிரணுக்களின் சவ்வைக் கிழித்துவிடும். உருகும்போது சாறெல்லாம் வெளியே ஓடி, சக்கை மிஞ்சும். விரைவாக உறைந்தால் பளிங்குகள் நுண்ணியவையாக அமைந்து, பொருள் தன் கட்டுக்குலையாமல் இருக்கும். லாப்ரடார்க் கடுங்குளிரில் பிடித்த க்ஷணமே மீன் விறைத்துப்போவதையும், பல நாள் சென்று உருக்கினாலும் அது புத்தம் புதிதாக இருப்பதையும் பார்த்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், 1920களில் இந்த விரைவு உறைவிப்பைத் தொழிலாக ஆக்கினார். வீட்டுப் பெட்டியில் மீனை வைத்து உறையவைத்துவிட்டு, கடையில் வாங்கிய உறைந்த மீனைவிட ருசி குறைவதேன் என்று கேட்கும் தாய்மார்களுக்கு இதுவே பதில்.

பழமோ உறையாமல் போனால் உயிரோடு போகிறது. பறித்த பின்னும் அது மூச்சுவிடுகிறது, உஷ்ணத்தை வெளியிடுகிறது, பழுக்கத் தூண்டும் வாயுவையும் வெளியிடுகிறது. ஆகையால் அது இருக்கும் பெட்டிக்குக் காற்றுத் துவாரம் வேண்டும். ஒவ்வொரு பழத்துக்கும் ஒவ்வொரு குளிர். ஆப்பிளுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் ஏற்றது. வாழைக்காயை 13 டிகிரிக்கு மிகவும் கீழே கொண்டுபோனால் தோல் கறுத்து, பிறகு எத்தனை நாள் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. உறைந்த மாமிசத்துக்கும் இறாலுக்கும் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. ஜப்பானியர் பச்சையாக உண்ணும் சூரை மீனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரிவரை வேண்டியிருக்கிறது.

முற்காலத்தில் கப்பலின் வயிற்றையே குளிரறையாக்கினார்கள். இப்போது பெரும்பாலும் தன் யந்திரத்தைத் தானே சுமக்கும் நாற்பதடி இரும்புப் பெட்டி. துறைமுகத்தில் இதை ‘ரீஃபர்’ என்றே சொல்கிறார்கள். வெள்ளைப் பெட்டியின் ஒரு முனையில் யந்திரம், மறுமுனையில் கதவு. உள்ளே தரை சமமாக இராது. நீளவாட்டில் உலோக வரிப்பள்ளங்கள் ஓடும். யந்திரம் ஊதும் குளிர்காற்று அந்தப் பள்ளங்கள் வழியே கதவுவரை சென்று, சரக்கின் ஊடே மேலெழும்பி, கூரையை ஒட்டித் திரும்பும். பக்கச் சுவரில் மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கினால் காற்று திரும்ப வழியில்லை. இன்னும் நான்கு பெட்டி நுழையுமே என்று கோட்டைத் தாண்டி அடுக்கும் சிக்கனத்தால் இருபத்தைந்து டன் சரக்கு பாழானதை இத்தொழிலில் இருப்போர் அறிவார்கள். இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது: இந்தப் பெட்டி குளிர்ந்த சரக்கைக் குளிராக வைத்திருப்பதற்கு அமைந்ததேயன்றி, சூடான சரக்கைக் குளிரவைப்பதற்கு அமைந்ததன்று. வெயிலில் நின்ற பழத்தை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டால், நடுவே இருக்கும் பழம் பல நாள் வெந்துகொண்டே போகும். அப்பால் வழக்குக்குப் போனாலும், யந்திரம் ஒழுங்காக ஓடியதென்று பதிவுக்கருவி காட்டிவிட்டால், கப்பல் கம்பெனியின்மேல் பொறுப்பைச் சுமத்துவது கடினம், நஷ்டம் பெரும்பாலும் அனுப்பியவருடையது.

இனி நமது டுரியானுக்கு வருவோம். தாய்லாந்தில் டுரியானைக் காயாக, முற்றிய பதத்தில், மரத்திலிருந்து வெட்டி இறக்குகிறார்கள். அது பழுக்க நாள் எடுக்கும். அந்த நாட்களில் லாரியும் கப்பலும் சீனாவை அடைந்துவிடும். நாமோ பழம் தானே பழுத்து விழும்வரை காத்திருப்பவர்கள். மரத்தடியில் வலை கட்டி, விழுந்ததை எடுக்கிறோம், ருசி அதனால்தான் என்று பெருமை பேசுகிறோம், பேசலாம், உண்மைதான். ஆனால் விழுந்த பழம் ஓரிரு நாளில் வாய்பிளந்துவிடும். ஆகவே மலேசிய டுரியான் கடல்வழியே போகவேண்டுமானால் உறைந்தே போகவேண்டும். சீனா 2011 முதல் உறைந்த சுளையையும் விழுதையும் அனுமதித்தது; 2019 முதல் உறைந்த முழுப்பழத்தை ஏற்றுக்கொண்டது; 2024 ஆகஸ்டில்தான் உறையாத புதுப்பழம் போகத் தொடங்கியது, அதுவும் பெரும்பாலும் ஆகாய மார்க்கமாக. ருசிக்காக நாம் விட்டுக்கொடுத்த அந்த ஒரு வாரத்தை யந்திரத்திடம் விலைகொடுத்து வாங்குகிறோம்.

பழப் பருவத்தில் பீடோரை அடுத்த ஓர் உறைவிப்புக் கொட்டகையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தாப்பா, கம்பார்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கூடைகூடையாக வந்திறங்கிய பழத்தை, ஒரு மலாய்க்காரரும் ஒரு தமிழரும் எதிரெதிரே உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தமிழர் கையில் சிறு குச்சி. காம்பின் அடியை மோந்து பார்ப்பார். குச்சியால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டு, வலப்புறமோ இடப்புறமோ உருட்டிவிடுவார். ஒரு பழத்துக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. அடுத்த மேஜையில் இளம் பெண்கள் காற்றுக் குழலால் முள்ளிடுக்குகளை ஊதி ஊதி, எறும்பையும் மாவுப்பூச்சியையும் விரட்டினார்கள். ஒரு பூச்சி அகப்பட்டால் அக்கரையில் பெட்டி முழுவதையும் நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே, ஒரே பழத்தை மறுபடியும் திருப்பினாள். அப்பால் திரவ நைட்ரஜன் அறை. அது கொதிப்பதே பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில். வெண்புகைக்குள் சென்ற பழம் கல்லாகி வெளிவந்து, ஒன்றோடொன்று மோதியபோது கருங்கல் ஓசை கேட்டது. நடுச்சுளைவரை உறைந்ததா என்று ஊசிபோன்ற வெப்பமானியைச் செருகிச் சோதித்த பிறகே பெட்டியில் அடுக்கினார்கள். குச்சி வைத்திருந்தவரிடம், ஐயா, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றேன். “தோட்டத்துல பொறந்தவனுக்கு இதக் கத்துக் குடுக்கணுமாய்யா? எங்க லயத்துக்குப் பின்னாலயே மூணு மரம்” என்றார்.

கடற்கரைப் பக்கம் விஷயம் வேறு. கிரியான், லாருட் மாத்தாங், மஞ்சோங் மாவட்டங்களின் உப்புநீர்க் குளங்களில் வளரும் இறாலுக்கு, குளத்தைவிட்டு எடுத்த நிமிஷத்திலிருந்து தலை கறுக்கத் தொடங்கும் குணம் உண்டு. ஐஸ் நீரில் உடனே முக்காவிட்டால் பிறகு எந்த யந்திரமும் அதை வெளுக்காது. இந்தியாவில் 1953இல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியது. இன்று தூத்துக்குடியும் அந்தத் தொழிலில் இருக்கிறது. உறைந்த இறாலை நீரில் நனைத்தெடுத்து மெல்லிய பனிப்போர்வை போர்த்துவது வழக்கம். உலர்ந்துபோகாமல் காப்பதற்கு அது அவசியம்தான். போர்வை கனத்துக்கொண்டே போனால் இறால் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறோம் என்பதையும் வாங்குவோர் கவனிக்க வேண்டும். கடையில் பொட்டலத்தைத் தூக்கிப் பாருங்கள்: இறால்கள் தனித்தனியே கலகலத்தால் நல்லது, அடியில் தண்ணீர் பாறையாய் உறைந்து எல்லாம் ஒரே கட்டியாக இருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்த சரக்காக அது இருக்கக்கூடும்.

நாம் அனுப்புவதைவிட நமக்கு வருவதே நம் வீட்டாருக்குப் பழக்கம். இந்நாட்டில் உண்ணும் ஆட்டிறைச்சியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இங்கே வளர்வது. மிச்சத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்தே வருகிறது. இந்தியாவிலிருந்து எருமை இறைச்சி பெட்டி பெட்டியாக வருகிறது. உள்ளூர் ஆட்டுக்கு ஈடில்லை என்று தீபாவளிக்கு முதல்நாள் பாசாரில் சபதம் செய்பவர்களும், மற்ற நாட்களில் விலையைப் பார்த்து உறைந்ததைத்தான் வாங்குகிறார்கள், நானும் அப்படியே. ஆனால் தூர தேசத்துச் சரக்கை நம்பிய சமையலறைக்குத் தூர தேசத்து அரசியலும் வந்துவிடும். வெங்காயம் உறைந்து வருவதில்லை, காற்றோட்டத்தோடு வருகிறது. இந்திய அரசாங்கம் 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்து 2024 மே மாதத்தில் தடையை நீக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே பருவத்தில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக நேர்ந்தபோது, உறைந்த சரக்கு பொறுத்துக்கொண்டது; உயிருள்ள பழத்தால் அவ்வளவு நாள் பொறுக்க முடியவில்லை.

இவ்வளவும் சொன்னது ஒரே விஷயத்துக்காக. கடலைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். கடல் இன்று பெரிய அபாயமன்று. கிள்ளான் துறைமுகத்தில் பெட்டியை மின்சாரத்தில் செருகிவிட்டால், சிட்னி வரையிலும் அதன் உஷ்ணநிலை கணக்கில் இருக்கும். பேராக்கின் அபாயம் தோப்புக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருக்கிற செம்மண் பாதையில் இருக்கிறது. இறால் குளத்துக்கும் ஐஸுக்கும் நடுவே இருக்கிற அரைமணியில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் சுமார் 150 கிலோமீட்டர், கிள்ளான் துறைமுகம் அதைவிடக் கணிசமாக அதிகம். ஈப்போவின் உள்நாட்டுத் துறைமுகத்திலிருந்து ரயிலும் போகிறது. அந்தத் தூரம் ஒன்றுமில்லை. வழியில் டீசல் மிச்சம் பிடிக்க லாரிக்காரர் பெட்டி யந்திரத்தை நிறுத்திவைக்கிற இரண்டு மணி நேரம்தான் பெருந்தூரம். மேலும், பத்து ஏக்கர் வைத்திருப்பவரால் இருபத்தைந்து டன் பெட்டி ஒன்றை ஒரே வாரத்தில் நிரப்ப முடியாது. பக்கத்துத் தோப்புக்காரரோடு சேர வேண்டும். அவர் பழம் கெட்டிருந்தால் அவருடைய பூச்சி இவருடைய பெட்டியையும் நிறுத்தும்.

இப்படிச் சேர்வதற்கு நம் மாநிலத்தவரே காட்டிய ஒரு முன்மாதிரி உண்டு. 1950களிலும் 60களிலும் வெள்ளையர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது வேலையும் வீடும் இழந்து நின்றவர்களுக்காக, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு. அந்தச் சிறு பணம் சேர்ந்து கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கித் தோட்டம் தோட்டமாக வாங்கியது. தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்களில் பெரும்பாலோர்க்கு இன்று சொந்தத் தோப்பு இல்லை என்பதை நான் அறியாதவனல்லன். ஆனால் நிலத்துக்கு இணையாக இன்று விலையுள்ளது, சரக்கு கைக்கு வந்த பின்னுள்ள முதல் சில மணி நேரம்; பால்மரம் வெட்டிய நம்மவர் கடிகாரத்தைப் பார்த்து ஓடிப் பழகிய அதே நேரம். அதைக் காக்கும் குளிர்க்கொட்டகையைத் தோப்புகளுக்கு நடுவே கட்டுவதற்கும், பெட்டி யந்திரத்தைப் பழுதுபார்க்க நம் பிள்ளைகளைத் தொழிற்பள்ளிக்கு அனுப்புவதற்கும் சேர்ந்து போடும் பணம் போதும்.

சேர்வதென்று தீர்மானித்தால், முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டிய ஷரத்து ஒன்றுண்டு. டென்மார்க்கில் 1882இல், ‘டனீடின்’ லண்டனை அடைந்த அதே ஆண்டில், ஹியெடிங் என்ற கிராமத்தில் தொடங்கிய பாற்பண்ணைக் கூட்டுறவு முறை அந்த நாட்டின் வெண்ணெயை இங்கிலாந்துச் சந்தையில் நிலைநாட்டியது. பின்னாளில் அளவை மாத்திரம் பார்க்காமல் பாலிலுள்ள கொழுப்பைச் சோதித்து விலை கொடுக்கும் வழக்கமும் அங்கே வேரூன்றியது. அதுபோல நம் சங்கமும், கூடை வந்திறங்கிய மணியையும் அப்போதிருந்த உஷ்ணத்தையும் உடையவர் பெயருக்கு நேராக ஏட்டில் குறிக்க வேண்டும். கொட்டகையைத் தாண்டுமுன் கழிக்கப்பட்ட பழம் கொண்டுவந்தவர் நஷ்டம். பெட்டிக் கதவு சாத்தி முத்திரை வைத்த பிறகு அக்கரையில் கழிக்கப்பட்டது அத்தனைபேருடைய நஷ்டம், பங்குக்குத் தக்கபடி. கொட்டகை எந்த ஊரில் அமைவது, யார் தலைவர், திறப்புவிழாவுக்கு எந்த மந்திரியை அழைப்பது என்பவற்றை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.